கூழாங்கல் பீச்சுக்குப் போகலாமா?

கேள்வி: லண்டன்ல இருக்கற பொண்ணு எங்களை செசில் பீச்சுக்கு கூட்டிட்டுப் போறேங்கறா. மணலே இல்லையாம், எல்லாம் கூழாங்கல்லாம். அவருக்கு முட்டிவலி வேற, போகலாமா?

பதில்: தாராளமா போங்கம்மா! இங்கிலாந்தோட தெற்குக் கரையில இருக்கற டார்செட்ல 29 கிலோமீட்டர் நீளத்துக்கு கிடக்கற கல்லு மேடு அது, மேற்கே வெஸ்ட் பே பக்கம் பட்டாணி சைஸ்ல இருக்கற கல்லு கிழக்கே போர்ட்லண்ட் வர்றதுக்குள்ள உருளைக்கிழங்கு அளவு ஆயிடும், கையில எடுத்துப் பாருங்க, அவ்ளோ வழவழப்பு. ஆனா நடக்கறப்ப ஒவ்வொரு அடிக்கும் கல்லு சரிஞ்சு கால் உள்ள போகும், செருப்பு வேணவே வேணாம், கணுக்காலைப் பிடிக்கற ஷூ போடுங்க. சார் மேட்டுல ஏற வேணாம், போர்ட்லண்ட் பக்கம் விசிட்டர் சென்டர்ல டீ குடிச்சிட்டே ஃப்ளீட் காயலைப் பார்க்கலாம். அலையில கால் நனைக்கற ஆசை மட்டும் வேணாம்மா, கரையிலேயே சடார்னு ஆழம், திரும்புற அலை ஆளையே இழுத்துடும். கல்லு வீட்டுக்கு எடுத்துட்டு வரக்கூடாது, தடை இருக்கு.