எந்தப் பூதத்தை அவிழ்த்து விடுவது?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டம் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, டைஸ் எறிந்து ஆடும் கதை ஆட்டம்) நடத்துகிறவர்கள் இந்த மாதம் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவை: கேம்பெய்னுக்கு (பல நாள் தொடரும் ஆட்டக் கதைக்கு) புதிய மான்ஸ்டர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? எண்கள் வரும் இடங்களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5-ஆம் பதிப்பின் 2014 புத்தகங்களை வைத்துச் சொல்லியிருக்கிறேன். 2025-இல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலை வைத்து ஆடுகிறவர்கள் எண்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஆட்டக்காரர்களில் மூன்று பேர் ஏற்கெனவே டிஎம்மாக (ஆட்டத்தை நடத்துகிறவராக) இருந்தவர்கள். மான்ஸ்டர் மேனுவல் மனப்பாடம். 'பச்சைத் தோல், நீண்ட மூக்கு' என்று நான் ஆரம்பித்தாலே 'ட்ரோல்டா, தீப்பந்தத்தை எடு' என்கிறார்கள். இவர்களுக்குத் தெரியாத மான்ஸ்டர்கள் எங்கே கிடைக்கும்?

கிடைக்கும், சொல்கிறேன். அதற்கு முன்னால், அவர்கள் தீப்பந்தம் எடுப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

ட்ரோலின் உயிர்நாடியே அந்த விதிதான். தன் டர்ன் (ஆடும் முறை) தொடங்கும்போதெல்லாம் அதற்கு 10 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) திரும்பி வரும். நெருப்போ அமிலமோ பட்டால் மட்டும் அடுத்த டர்னில் வராது. முதல் தடவை இது ஒரு புதிர். விடை தெரிந்த பிறகு வெறும் வேலை. அதே ட்ரோலைக் கூரை வரை வைக்கோல் அடைத்த களஞ்சியத்துக்குள் நிறுத்துங்கள். உள்ளே நாலு பிணைக்கைதிகளைக் கட்டிப் போடுங்கள். இப்போது உங்கள் மூன்று மேதாவிகளும் தீப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த விஷயமே அவர்களைத் திணறடிக்கும். அதைவிட நல்ல காட்சி ஒரு டிஎம்முக்கு வேறென்ன வேண்டும்?

சிலர் சுலபமான வழியாக 'என் ட்ரோலுக்கு நெருப்பு ஒன்றும் செய்யாது' என்று மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஆட்டக்காரர் இத்தனை நாள் சேர்த்துவைத்த அறிவை முன்னறிவிப்பில்லாமல் செல்லாக்காசாக்குவது அழுகுணி ஆட்டம். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் தடயம் வையுங்கள். வழியில் கரிந்துபோன மரங்கள், அவற்றின் நடுவே நடந்துபோன பெரிய காலடிகள், பயன்படுத்தி எறிந்த எண்ணெய்க் குடுவைகள். கவனித்தவன் பிழைப்பான்.

சரி, புதிய மான்ஸ்டர்களுக்கு வருவோம். பழைய எண்களுக்குப் புதுத் தோல் போர்த்துவதுதான் நான் அதிகம் செய்வது. ஆந்தைத் தலையும் கரடி உடம்புமாக வரும் ஔல்பேருக்கு ஆர்மர் கிளாஸ் (அடி படவேண்டுமானால் டைஸில் எட்டவேண்டிய எண்) 13, ஹிட் பாயிண்ட் 59. அந்த எண்களை அப்படியே எடுத்து, 'பாசி படிந்த ஓடு, மூன்று கால், இருட்டில் பல்லைக் கடிக்கும் சத்தம்' என்று வர்ணித்துப் பாருங்கள். திரைக்கு இந்தப் பக்கம் நீங்கள் என்ன பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

இந்த வேலைக்கு நல்ல பரம்பரையே உண்டு. ஔல்பேர், ரஸ்ட் மான்ஸ்டர், நிலத்துக்கடியில் சுறா மாதிரிப் பாயும் புலே ஆகியவை மலிவு விலை பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை. 1974-இல் இந்த ஆட்டம் அச்சில் வந்த காலத்தில் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் மேஜையில் அந்தப் பொம்மைகள்தான் மான்ஸ்டர்களாக நின்றன. வாலில் விசிறி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோமாளிப் பொம்மையை எடுத்து, 'இது எதைத் தின்னும்?' என்ற கேள்விக்கு 'இரும்பை' என்று பதில் வைத்தால் கிடைப்பது ரஸ்ட் மான்ஸ்டர்.

எனக்கு மிகப் பிடித்த மான்ஸ்டர் அதுதான். சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு ஆபத்தானது என்று காட்டும் எண்) வெறும் அரை. கடித்தாலும் பெரிதாக வலிக்காது. ஆனால் அதன் உணர்கொம்பு பட்டால் மாயமில்லாத இரும்புக் கவசம் ஒவ்வொரு புள்ளியாகத் துருப்பிடித்து உதிரும். அதை வெட்டிய வாளும் துருப்பிடிக்கும். எங்கள் மேஜையில் ஒரு பாலடின் (கவசம் பூண்ட புனித வீரர்) இருக்கிறார். டிராகனைப் பார்த்து வசனம் பேசுகிறவர். ரஸ்ட் மான்ஸ்டர் வாலை ஆட்டிக்கொண்டு வந்தபோது கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளாடையோடு ஓடினார். அதே நேரம் தடியும் தோல்சட்டையுமாக நின்ற ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே மான்ஸ்டர், ஆளுக்கு ஆள் வேறு பயம். புதிய மான்ஸ்டரைத் தேடும்போது நான் பார்ப்பது இதைத்தான்: இது வந்தால் என் ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் செய்யாத எதைச் செய்யவேண்டி வரும்? ஒன்றுமில்லை, வழக்கம்போல வெட்டவேண்டியதுதான் என்றால் எவ்வளவு அழகான படம் போட்டிருந்தாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

கேள்வி: லெவல் 2-இல் நான்கு பேர். சேலஞ்ச் ரேட்டிங் 2 உள்ள ஓகரை (தடியேந்திய ராட்சதனை) விட்டேன், இரண்டே ரவுண்டில் முடித்துவிட்டார்கள். அடுத்த செஷனில் ரேட்டிங் அரை உள்ள ஷேடோக்கள் (நிழல் பேய்கள்) நான்கை விட்டேன், மந்திரவாதி செத்துப்போனார். இந்த எண்ணை நம்பவே கூடாதா?

நம்பலாம். அது என்ன சொல்கிறது என்று தெரிந்து நம்பவேண்டும். நன்றாக ஓய்வெடுத்த நான்கு பேர், தங்கள் லெவலுக்குச் சமமான ரேட்டிங் உள்ள ஒரு மான்ஸ்டரைச் சாவு இல்லாமல் வெல்லலாம் என்பதுதான் அதன் பொருள். 'வெல்லலாம்' என்றுதான் சொல்கிறது, 'சிரமப்படுவார்கள்' என்று சொல்லவில்லை. புத்தகத்தின் அனுபவப் புள்ளிக் கணக்கிலேயே உங்கள் ஓகர் 450 புள்ளி. உங்கள் பார்ட்டிக்கு (வீரர் குழுவுக்கு) அது 'நடுத்தர' ரகம். ஷேடோ ஒன்றுக்கு 100, நான்குக்கு 400, கூட்டமாக வருவதால் இரண்டால் பெருக்கினால் 800. லெவல் 2-இல் நான்கு பேருக்கு 'மரண' ரகம் தொடங்குவதே 800-இல்தான். ஆக, கணக்கு உங்களை எச்சரித்திருக்கும்.

ஆனால் கணக்கு சொல்லாத விஷயமும் உண்டு. ஓகர் ஒரு ரவுண்டில் ஒருமுறை தடியைச் சுழற்றும். எதிரே நான்கு பேர் நான்கு காரியம் செய்வார்கள். அதன் ஆர்மர் கிளாஸ் 11, யார் எறிந்தாலும் படும். தனியாக நிற்கும் எந்த மான்ஸ்டருக்கும் இதே கதிதான். அதனால்தான் பெரிய டிராகன்களுக்கு மற்றவர்களின் டர்ன் முடிவில் செய்ய 'லெஜண்டரி ஆக்ஷன்' மூன்று கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஓகருக்கு அதெல்லாம் வேண்டாம். கூட மூன்று கோப்ளின்களை (குட்டிப் பூதங்களை) நிறுத்தினாலே போதும். ஹிட் பாயிண்டை மட்டும் இரட்டிப்பாக்காதீர்கள். சண்டை கடினமாகாது, நீளும்.

ஷேடோ விஷயம் வேறு. அது ஹிட் பாயிண்டோடு பலத்தையும் உறிஞ்சும், அடிக்கு 1 முதல் 4 புள்ளி வரை. பலம் பூஜ்யமானால் ஆள் காலி. ஹிட் பாயிண்ட் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் செல்லாது. பலம் 8 உள்ள மந்திரவாதி, டைஸ் சரியில்லை என்றால் இரண்டே அடியில் போய்விடுவார். பான்ஷீ என்ற பெண் பேயும் இந்த வகைதான். நாளுக்கு ஒருமுறை அது ஓலமிடும்போது 30 அடிக்குள் இருப்பவர்கள் ஆளுக்கொரு சேவிங் த்ரோ (தப்பிப்பதற்கான டைஸ் எறிதல்) போடவேண்டும், தோற்றவர்களின் ஹிட் பாயிண்ட் நேரே பூஜ்யத்துக்குப் போகும். இப்படி ஒரே எறிதலில் ஆளைச் சாய்க்கும் மான்ஸ்டர் எதையாவது எடுத்தால், அது வருவதற்கு முன்பே அதன் வேலையைக் காட்டிவிடுங்கள். காயமே இல்லாமல் வற்றிப்போன ஒரு பிணம், சுவரில் ஆளில்லாத நிழல். அதைப் பார்த்தும் உள்ளே போனால் அது அவர்கள் எடுத்த முடிவு.

கேள்வி: லெவல் 1-இலேயே டிராகனைக் கொண்டுவரலாமா?

தாராளமாக. தலைக்கு மேல் பறந்து போகட்டும், அடுத்த கிராமத்தில் இறங்கட்டும், வரி வசூலிக்கட்டும், யாரையாவது தூது அனுப்பட்டும். மோதவேண்டாம், அவ்வளவுதான். பெயரிலேயே டிராகன் இருக்கும் ஆட்டத்தில் கடைசி லெவல் வரை டிராகனையே கண்ணில் காட்டாத கேம்பெய்ன்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இது எவ்வளவோ மேல்.

கேள்வி: எந்த மான்ஸ்டரை விட்டாலும் கடைசி ஹிட் பாயிண்ட் வரை சண்டை. எல்லாம் ஒரே மாதிரி முடிகிறது. எனக்கே சலிப்பாக இருக்கிறது.

மான்ஸ்டருக்கும் உயிர் வெல்லம்தானே? 1981-இல் வந்த, இதே ஆட்டத்தின் பேசிக் விதிகளில் இதற்கு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் ஒரு மொரால் (மன உறுதி) எண். கூட்டத்தில் முதல் சாவு விழும்போதும், பாதி பேர் விழுந்த பிறகும் டிஎம் இரண்டு ஆறுமுக டைஸ் எறிவார். கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் அவை ஓடும், அல்லது சரணடையும். கோபோல்டுக்கு 6, கோப்ளினுக்கு 7. எலும்புக்கூட்டுக்கு 12, அதாவது ஓடவே ஓடாது. செத்தவனுக்கு என்ன பயம்? இந்த ஒரே விதியை இன்றைய ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டால் போதும். கோப்ளின் சண்டைக்கும் எலும்புக்கூட்டுச் சண்டைக்கும் உள்ள வித்தியாசம் மேஜையில் தெரிய ஆரம்பிக்கும். தப்பி ஓடிய கோப்ளின் சும்மா இருக்குமா? போய் ஆள் திரட்டும். அடுத்த செஷனுக்கான வேலை பாதி முடிந்தது.

அதே விதிகளில் சந்திப்பின் தொடக்கத்துக்கும் ஒரு எறிதல் உண்டு. 2 விழுந்தால் உடனே தாக்கும், 12 விழுந்தால் நட்பு. இடையில் விழுவதெல்லாம் தயக்கம், சந்தேகம். நான் இதை இப்போதும் எறிகிறேன். ஒரு மான்ஸ்டர் அந்த இடத்தில் ஏன் இருக்கிறது, அதற்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால்தான் இந்த எறிதல் உதவும். மாணிக்கக் கற்களைத் தின்னும் ஸோர்ன் பாறைக்குள்ளிருந்து வந்து பையை முகர்ந்தால், சண்டையும் போடலாம், இரண்டு கல்லைக் கொடுத்து வழியும் கேட்கலாம். எங்கள் திருடர் கல்லைக் கொடுக்க மனம் வராமல் சண்டையைத் தேர்ந்தெடுத்தார். அது அவர் சுபாவம்.

கேள்வி: மான்ஸ்டர் புத்தகங்கள் நிறைய வாங்கிவிட்டேன். ஒரு கேம்பெய்னில் எத்தனை வகை வரலாம்? பார்ட்டி இப்போது லெவல் 8. கோபோல்ட், கோப்ளின் எல்லாம் இனிமேல் தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டேன்.

வாங்கியதையெல்லாம் இறக்கவேண்டும் என்ற ஆசைதான் பல கேம்பெய்ன்களை மிருகக்காட்சிசாலை ஆக்கிவிடுகிறது. ஒவ்வொரு அறையிலும் புது ஜந்து வந்தால் ஆட்டக்காரர்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை. நான் நாலைந்து குடும்பங்களை எடுத்துக்கொள்வேன். கோப்ளின் குடும்பத்தையே பாருங்கள். ஒளிந்து ஒளிந்து அடிக்கும் கோப்ளின், வரிசை கட்டி நிற்கும் ஹாப்கோப்ளின், பதுங்கிப் பாயும் பக்பேர், இவர்கள் ஏறி வரும் வோர்க் ஓநாய். நான்கும் நான்கு விதமான சண்டை, ஆனால் ஒரே ஊர், ஒரே அரசியல். புத்தம்புது மான்ஸ்டர் எப்போதாவது ஒன்று வந்தால்தான் அதற்கு மரியாதை.

கோபோல்டை ஒதுக்கியதை மறுபரிசீலனை செய்யுங்கள். 1987-இல் டிராகன் பத்திரிகையின் 127-ஆம் இதழ்த் தலையங்கத்தில் ரோஜர் மூர், டக்கர் என்ற ஒரு டிஎம்மின் கோபோல்டுகளைப் பற்றி எழுதினார். 'டக்கரின் கோபோல்டுகள்' என்று அவை இன்றும் பேசப்படுகின்றன. தனியாகப் பார்த்தால் ஓர் அடிக்குத் தாங்காத அந்தக் குள்ளப் பிராணிகள், தாழ்வாரங்களில் தீ வைத்தும், தடுப்புகளுக்குப் பின்னாலிருந்து எய்தும், ஆட்களை மூலைக்கு விரட்டியும் பெரிய லெவல் வீரர்களை ஓட ஓட விரட்டின. எண்களில் ஒன்றும் மாறவில்லை. கீழ்த்தளத்துப் பேய்களே தேவலை என்று வீரர்கள் நினைக்கும் நிலை.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவருக்குச் சிலந்தி என்றால் நிஜமாகவே பயம். குகையில் ராட்சதச் சிலந்தி வைத்திருக்கிறேன். கதைக்கு அது முக்கியம்.

மாற்றுங்கள். ராட்சதச் சிலந்திக்கு ஹிட் பாயிண்ட் 26, வலை வீசும், விஷம் உண்டு, சுவரில் ஏறும். இதையெல்லாம் பிசின் கொடிகளை வீசிப் பிடிக்கும் ஒரு வேர்ப் பிராணிக்குக் கொடுத்தால் கதையில் எதுவும் அறுந்துபோகாது. கேம்பெய்ன் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் இதைக் கேட்டுவிடுவது நல்லது. காரணம் கேட்கவேண்டாம்.

கேள்வி: நான் எழுதிய சாகசத்தைப் புத்தகமாக விற்க நினைக்கிறேன். பிஹோல்டரை (பல கண்களோடு மிதக்கும் மான்ஸ்டர்) போடலாமா?

வேண்டாம். 2023-இல் 5-ஆம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதிலிருப்பதை விற்பனைக்கும் பயன்படுத்தலாம். ஔல்பேர், ரஸ்ட் மான்ஸ்டர், ஜெலாட்டினஸ் க்யூப் எல்லாம் அதில் உண்டு. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், டிஸ்ப்ளேசர் பீஸ்ட் ஆகிய மான்ஸ்டர்களைச் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டு மேஜைக்கு இந்தக் கவலையே கிடையாது.

கேள்வி: ஒரே ஒரு மிமிக்கைக் காட்டினேன். இப்போது எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் கம்பால் குத்துகிறார்கள், கதவைக் குத்துகிறார்கள், நாற்காலியைக் குத்துகிறார்கள். ஒரு அறையைக் கடக்க அரை மணி நேரம்.

மிமிக் வேலை செய்துவிட்டது, பாராட்டுகள். பொருளாக உருமாறி நின்று ஒட்டிக்கொள்ளும் பிராணியைக் காட்டினால் யார்தான் குத்தமாட்டார்கள்? இதற்குப் புதிய மான்ஸ்டர் தேவையில்லை. குத்தும் சத்தம் கேட்டு அலையும் காவலர்கள் அறைக்கு வரட்டும். கம்பால் தொடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு, 'இந்தக் கோட்டை முடியும் வரை நான் எதையும் மிமிக் ஆக்கப்போவதில்லை' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். அடுத்த கோட்டையைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே.