‘ஸ்மார்ட் தியேட்டர்’ பேக்கேஜுக்குக் கூடுதல் பணம் கட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாக் கருவிகளும் நெட்வொர்க்கில் இணைந்த ‘ஸ்மார்ட் ஆபரேஷன் தியேட்டர்’ உள்ள மருத்துவமனையில் செய்தால் ஆபத்து குறைவு, 45,000 ரூபாய் கூடுதலாகும் என்கிறார் பேக்கேஜ் பேசித் தரும் ஒருவர். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். இந்த ஆபரேஷனுக்கு அது தேவையில்லை.

கருவிகளை இணைக்கும் யோசனை நல்ல யோசனைதான். அது ஏன் வந்தது என்பதற்கு மருத்துவர்கள் அடிக்கடி சொல்லும் சம்பவமும் பித்தப்பை ஆபரேஷன்தான். அமெரிக்காவில் பதிவானது, நோயாளிக்கு 32 வயது. நடுவில் எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. படம் அசையாமல் விழ, மயக்க மருந்து டாக்டர், நோயாளிக்கு மூச்சு கொடுக்கும் இயந்திரமான வென்டிலேட்டரை நிறுத்தினார். மேஜைக்கு அடியில் ஃபிலிம் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க அவரும் போனார். வென்டிலேட்டரை மறுபடி ஓடவிட மறந்துபோயிற்று. அந்தப் பெண் பிழைக்கவில்லை. எக்ஸ்ரே கருவியும் வென்டிலேட்டரும் ஒன்றோடொன்று பேசியிருந்தால், இரண்டு மூச்சுக்கு நடுவே படம் எடுத்திருக்கலாம். வென்டிலேட்டரை நிறுத்தவே வேண்டியிருந்திருக்காது.

ஆனால் உங்களிடம் விற்கப்படுவது பெரும்பாலும் இதுவாக இருக்காது. சுவரில் பெரிய திரைகள், கேமரா படத்தை எந்தத் திரைக்கும் மாற்றும் வசதி, விளக்கையும் மேஜையையும் இயக்க ஒரு டச் பேனல். சர்ஜனுக்கு வசதிதான். அந்த டச் பேனலுக்கும் வென்டிலேட்டருக்கும் பேச்சுவார்த்தை எதுவும் இருக்காது. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் பேசிக்கொள்ள ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் ‘11073’ என்று பொதுத் தரநிலையே இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் கருவியைத் திறந்துவிட மனமில்லாமல் இருக்கின்றன; வாங்குகிற மருத்துவமனைகளோ டெண்டரில் அதைக் கேட்பதுகூட இல்லை. கேட்டால்தானே கொடுப்பார்கள்! ‘ஸ்மார்ட் தியேட்டர்’ என்ற பெயருக்கென்று தனி உரிமமும் நம் நாட்டில் கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம்.

மூளைக் கட்டி ஆபரேஷன் என்றால் என் பதில் வேறு. மண்டையோட்டைத் திறந்ததும் மூளை சற்று நகர்ந்துவிடும். முன்பே எடுத்த ஸ்கேன் அதன்பின் சரியான வழி காட்டாது. அதனால் நடுவிலேயே எம்ஆர்ஐ எடுத்து, மிச்சக் கட்டி எங்கே, கை கால் அசைவுக்கான நரம்பு எவ்வளவு பக்கத்தில் என்று எல்லாவற்றையும் ஒரே திரையில், ஒரே நேரக் கணக்கில் பார்ப்பது பெரிய உதவி. டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் 2019 முதல் அப்படி ஒரு தியேட்டர் நடக்கிறது. எவ்வளவு வெட்டலாம் என்ற முடிவே அந்தத் தகவலைப் பொறுத்தது என்பதால் அங்கே அது தேவை. பித்தப்பைக்கு அந்த நிலைமை இல்லை.

அப்புறம், பேக்கேஜ் பேசித் தருகிறவர். அவருடைய கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். நோயாளியை அனுப்புவதற்கு டாக்டர்கள் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளே தடுக்கின்றன. தடுத்து என்ன, கேட்பார் இல்லை. அவரை விட்டுவிட்டு நேரே சர்ஜனிடம் பேசுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டியவை: ஆபரேஷன் முடியும்வரை மயக்க மருந்து டாக்டர் அறையிலேயே இருப்பாரா? மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் இருக்கிறதா, அதன் அலாரம் ஒலிக்கும்படி வைத்திருப்பார்களா? உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புப் பட்டியலை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார்களா? அது 19 அம்சங்கள் கொண்ட ஒரு தாள், அவ்வளவுதான். டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் அதை நடைமுறைப்படுத்தியபோது மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-இல் ஆய்வு வெளியானது.

பிறகும் அந்த மருத்துவமனைதான் வசதி என்றால், கூடுதல் தொகை எதற்கு என்று எழுதி வாங்குங்கள். காப்பீட்டில் அது வருமா என்று முன்பே கேளுங்கள். ஆனால் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ இருந்தால் இந்த விசாரணைக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் அம்மாவை உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.