ஆரோக்கியமாகச் சாப்பிட ஆரம்பித்ததும் பில் எகிறுகிறது, சேமிப்பைக் குறைக்கலாமா?

கேள்வி: நான், கணவர், பள்ளிக்குப் போகும் மகள் என மூன்று பேர். இருவருக்கும் வேலை. சத்தாகச் சாப்பிடலாம் என்று மாறிய பிறகு சாப்பாட்டுச் செலவு சம்பளத்தில் பாதியை நெருங்குகிறது. "இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தான், பழையபடியே இருப்போம்" என்கிறார் கணவர். மாதாமாதம் போடும் சேமிப்பைக் குறைத்துச் சமாளிக்கலாமா? போன மாத பில்லை இணைத்திருக்கிறேன்.

பதில்: சேமிப்பில் கை வைக்காதீர்கள். பில்லைப் பார்த்தேன். காய்கறி, பருப்பு, முட்டை எல்லாம் சேர்த்தே பாதி வரவில்லை. மீதி முழுக்க புரோட்டீன் பவுடர், சத்து பிஸ்கட், பாட்டில் ஜூஸ், அப்புறம் அட்டையில் பெரிதாக 'ஹெல்த்தி' என்று போட்ட நாலைந்து டப்பா. நீங்கள் காசு கொடுத்திருப்பது பெரும்பாலும் அந்த அட்டைக்குத்தான்.

புரதத்தையே எடுத்துக்கொள்வோம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, அதாவது 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம். சமைக்காத பருப்பு 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். இப்போது பவுடர், பருப்பு, முட்டை மூன்றின் விலையையும் அதனதன் புரத கிராமால் வகுத்துப் பாருங்கள். டப்பாவின் விலையை டப்பாவோடு ஒப்பிட்டால் எதுவும் புரியாது, இப்படி வகுத்தால்தான் எது மலிவு என்று தெரியும். பருப்பு அநேகமாக ஜெயிக்கும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வயிறு நிரம்பும் கலோரிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் சர்க்கரை, எண்ணெய், மாவுப் பண்டங்கள்தான் மலிவு, கீரையும் பழமும் விலை கூடியவையாகத்தான் தெரியும். ஆனால் கீரையை யாரும் கலோரிக்காக வாங்குவதில்லையே! பழமும் காய்கறியும் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறார்கள், பட்ஜெட்டில் தாராளமாக விட வேண்டிய இடம் இதுதான். சீசனில் விலை இறங்கியதை வாங்குங்கள், உறைய வைத்த காய்கறியும் தப்பில்லை. பறித்த சூட்டில் உறைய வைப்பதால் அதில் சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வாடிக் கிடக்கும் கீரையை விட அது மேல். ஜூஸை மட்டும் நிறுத்திவிடுங்கள்: நார்ச்சத்து போய்விடுகிறது, சர்க்கரை நிற்கிறது, விலையோ பழத்தை விட அதிகம்.

பில்லில் தெரியாத செலவு ஒன்று உண்டு, குப்பைக்குப் போவது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்துதான். ஆசையாக வாங்கி அழுகிப்போன பழத்தையும் சாப்பிட்டதன் விலையில் சேர்த்தால்தான் உண்மையான விலை வரும். இரண்டு வாரம் எதைத் தூக்கிப்போடுகிறீர்கள் என்று மட்டும் எழுதிவையுங்கள், அடுத்த முறை அதைப் பாதி வாங்கினால் போதும்.

நேரம் பெரிய பிரச்சினைதான், இருவரும் களைத்து வந்து நின்றால் வெளியில் ஆர்டர் போடத்தான் தோன்றும். லீவு நாளில் பயறு, பருப்பை மொத்தமாக வேகவைத்துப் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிட்டால் வாரத்தில் இரண்டு ஆர்டராவது குறையும். மகளின் தின்பண்டத்தை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், அதற்கென்று ஒரு சின்னத் தொகை ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் மொத்தத் திட்டமும் பத்து நாளில் படுத்துவிடும்.

இப்படி மூன்று மாதம் ஓட்டி, சாப்பாட்டுச் செலவு சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய பிறகும் பணம் போதவில்லை என்றால் சிக்கல் சாப்பாட்டில் இல்லை, வாடகையிலோ கடன் தவணையிலோ இருக்கலாம். அந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள், பார்ப்போம்.