பத்து மணிக்கு கேட் பூட்டினாலும் ஷோ பார்க்கலாம்

கேள்வி: எனக்கு வயது 24, சொந்த ஊர் தென்காசி. ஐடி வேலைக்காகச் சென்னை வந்து ஏழு மாதம் ஆகிறது. பெருங்குடியில் பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். இரவு பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். யூடியூபில் ஸ்டாண்ட்-அப் காமெடியும், சினிமா சாராத இண்டி பாடல்களும் நிறையப் பார்ப்பேன், நேரில் ஒருமுறைகூடப் போனதில்லை. எங்கே நடக்கிறது, எவ்வளவு ஆகும், எனக்கு மதுப்பழக்கம் இல்லை, தனியாகப் போனால் ஒரு மாதிரி இருக்குமா? காமெடியன் என்னைப் பார்த்து ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பெரிய பயம்.

பதில்: கடைசியில் சொன்ன பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். மேடையில் நிற்பவருக்கு அரங்கம் முழுவதும் தெரியாது. விளக்கு அவர் முகத்தில் அடிக்கும். அந்த வெளிச்சத்தின் மிச்சம் விழுகிற முதல் இரண்டு வரிசை மட்டும்தான் அவர் கண்ணில் படும். ‘நீங்க என்ன பண்றீங்க?’ என்று அவர் பிடித்துக்கொள்வதும் அங்கே உட்கார்ந்தவரைத்தான். க்ரவுட் வொர்க் என்று அதைச் சொல்வார்கள். நீங்கள் மூன்றாவது நான்காவது வரிசையில், நடுவாக உட்காருங்கள். பயந்துகொண்டு கடைசி மூலைக்குப் போக வேண்டாம். சிரிப்பு கூட்டத்துக்கு நடுவில்தான் கெட்டியாக இருக்கும், சுமாரான ஜோக்குக்குக்கூடப் பக்கத்து ஆள் குலுங்குவதைப் பார்த்து நாமும் சிரித்துவிடுவோம். மூலையில் உட்கார்ந்தவருக்கு அதே ஜோக் செய்தி வாசிப்பு மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு தவறு மட்டும் செய்யாதீர்கள்: தாமதமாகப் போவது. நான் ஒருமுறை பார்க்கிங் தேடி இருபது நிமிடம் கழித்து உள்ளே நுழைந்தேன். அடுத்த ஐந்து நிமிடத்துக்கு அந்த ஷோவின் கதாநாயகன் நான்தான். அப்படியே உங்களைக் கேட்டுவிட்டாலும் உண்மையை இரண்டு வார்த்தையில் சொல்லுங்கள், ‘ஐடி, தென்காசி’ என்று. நாமும் பதிலுக்குக் காமெடி பண்ணப் பார்த்தால்தான் பேச்சு வளரும்.

சரி, எங்கே போவது? எல்லோரும் ஆள் பெயரை வைத்துத் தேடுவார்கள். நான் அறையை வைத்துத் தேடச் சொல்வேன். விலை, தொடங்கும் நேரம், சத்தம், வீடு திரும்பும் வழி எல்லாவற்றையும் தீர்மானிப்பது அறைதான். அதிலும் சென்னையின் அறைகள் உங்களுக்குத் தோதானவை. டாஸ்மாக் பார்களை விட்டால், தமிழ்நாட்டில் பார் உரிமம் பெரும்பாலும் ஸ்டார் ஹோட்டல்களிடமும் கிளப்களிடமும்தான் இருக்கிறது. பெங்களூரு மாதிரி தெருவுக்குத் தெரு பப் இல்லாததால், இங்கே பாட்டும் காமெடியும் நாடக அரங்கம், கஃபே, ஸ்டுடியோ, கலாச்சார மையம் என்று இரவல் இடங்களில்தான் வளர்ந்தன. நகரின் ஸ்டாண்ட்-அப்புக்கு வழிபோட்ட ஈவம், 2003இல் கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் தொடங்கிய நாடகக் குழு. அந்த நாடகப் பழக்கம் இன்னும் போகவில்லை: நாற்காலி போட்டு, ஏழு மணிக்கு ஆரம்பித்து, ஒன்பதுக்குள் முடித்து, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரவு வாழ்க்கை இல்லாத ஊர் என்று நண்பர்கள் அலுத்துக்கொள்வார்கள். பத்து மணி கேட் இருப்பவருக்கு அது வரம்.

காமெடியில் மூன்று வகை உண்டு. ஓப்பன் மைக் என்பது பயிற்சிக் களம். பத்துப் பேர் ஏறுவார்கள், ஆளுக்கு நாலைந்து நிமிடம். பெரும்பாலும் இலவசம், அல்லது நூறு இருநூறு ரூபாய். மலிவு என்று முதல் தடவையே இதற்குப் போகாதீர்கள். பாதிப் பேர் சொதப்புவார்கள், நீங்களும் ‘இவ்வளவுதானா’ என்று திரும்பிவிடுவீர்கள். லைன்-அப் ஷோ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தேறிய மூன்று நாலு பேர், ஆளுக்குப் பதினைந்து இருபது நிமிடம். ஒருவர் பிடிக்காவிட்டால் அடுத்தவர் வந்துவிடுவார். டிக்கெட் முந்நூறிலிருந்து ஐந்நூறுக்குள் இருக்கும்.

அதற்கு அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த ட்ரையல் ஷோ. அலெக்சாண்டர் பாபு, அரவிந்த் எஸ்ஏ, பிரவீன் குமார் மாதிரி பெயரெடுத்தவர்கள் ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பெரிய அரங்குக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் சின்ன அறையில் ஓட்டிப் பார்ப்பது இந்தத் துறையின் வழக்கம். கையில் குறிப்புத்தாளோடு நிற்பார்கள். எந்த வரிக்குச் சிரிப்பு வரவில்லையோ அதை அடுத்த வாரம் வெட்டிவிடுவார்கள். பெரிய அரங்கில் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பார்க்கப்போவதன் கரடுமுரடான முதல் வடிவத்தைப் பாதி விலைக்கு ஐம்பது பேரோடு பார்க்கலாம். போனில் மட்டும் பதிவு செய்யாதீர்கள். வெளியே கசிந்த ஜோக் செத்த ஜோக், அவர் ஒரு வருடம் எழுதியது வீண்.

டிக்கெட் பக்கத்தில் மொழி, வயது என்ற இரண்டு வரியைக் கட்டாயம் படியுங்கள். தமிழ்க் கலைஞர் என்பதால் ஷோ தமிழில்தான் என்று இல்லை. ஒரே ஆள் சனிக்கிழமை ஆங்கிலத்திலும் ஞாயிற்றுக்கிழமை தமிழிலும் செய்வதுண்டு.

இண்டி இசைக்கு வருவோம். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: சினிமாப் பாட்டு வாசிக்கும் கவர் பேண்ட் வேறு, சொந்தப் பாட்டு பாடும் பேண்ட் வேறு. இரண்டும் சந்தோஷம்தான், ஆனால் நீங்கள் கேட்பது இரண்டாவது. ‘ஸ்க்ராட்’, ‘தி எஃப்16ஸ்’ போன்ற ஆங்கில பேண்டுகள் இந்த ஊரிலிருந்து வந்தவை. தமிழில் கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் அரங்கேறியது. இந்த மாதிரி சத்தத்தை ஹெட்போனில் கேட்பதற்கும் நெஞ்சில் வாங்குவதற்கும் ரொம்ப தூரம்.

இசைக்கு எங்கே நிற்கிறோம் என்பது காமெடியைவிட முக்கியம். மேடைக்கு ஒட்டி நின்றால் டிரம்ஸும் கிடார் ஆம்ப்பும் நேராகக் காதில் விழும், பாடகர் குரல் பக்கவாட்டு ஸ்பீக்கரில் தலைக்கு மேலே போய்விடும். வரிகள் புரியவில்லை என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் முதல் வரிசைக்காரர்கள். சவுண்ட் இன்ஜினியர் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேஜையை எங்கே போட்டிருக்கிறார் என்று பாருங்கள். அவர் தன் காதுக்கு எது சரியோ அப்படித்தான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குவார். அவருக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.

காதுக்கு ஃபோம் இயர்பிளக் ஒரு ஜோடி பையில் போட்டுக்கொள்ளுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு வந்தால் மிஞ்சுவது பதினைந்து நிமிடம். சின்ன அறையில் டிரம்ஸ் அடித்தால் அந்த எல்லையைத் தொடுவது சுலபம். இரவு படுக்கும்போது காதில் ‘கீ’ என்று கேட்டால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். கிண்டல் செய்பவர் செய்யட்டும், வாசிப்பவர்களில் பாதிப் பேர் காதிலும் ஏதோ ஒன்று இருக்கும்.

இலவசமாகத் தொடங்க நுங்கம்பாக்கத்தில் இரண்டு இடம்: கல்லூரிச் சாலையில் பிரெஞ்சு கலாச்சார மையமான அலியான்ஸ் பிரான்சேஸ், ரட்லண்ட் கேட்டில் ஜெர்மன் கலாச்சார மையமான கோதே இன்ஸ்டிடியூட். ஜூன் 21 உலக இசை நாள். பிரான்சில் 1982இல் தொடங்கிய அந்த வழக்கத்தை ஒட்டி அலியான்ஸில் உள்ளூர் பேண்டுகள் வாசிப்பார்கள். எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896இல் கட்டி முடித்தது, பழைய வாசனையோடு இன்றும் நாடகமும் காமெடியும் நடக்கிற அரங்கம். ஆழ்வார்பேட்டை ‘மேடை’ மாதிரி சின்ன இடங்கள் உங்களுக்கு இன்னும் வசதி. பக்கத்தில் இருக்கும் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் பெருங்குடியிலேயே இறங்கலாம். ஆனால் அந்த ஸ்டேஷன் ஓஎம்ஆரிலிருந்து தள்ளி இருக்கிறது, இரவில் பிளாட்ஃபாரத்தில் கூட்டமும் குறைவு. போகும்போது ரயில், வரும்போது கேப் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. எழும்பூரிலிருந்து என்றால் திரும்ப ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஹோட்டல் பாரில் நடக்கும் ஷோக்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மதுவுக்காக அல்ல, ஃப்ரெஷ் லைம் சோடாவோடு உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மாநிலத்தில் மது அருந்தும் வயது 21 என்பதால் அடையாள அட்டை மட்டும் கேட்பார்கள். சிக்கல் நேரத்தில்தான்: எட்டரைக்கு மேல் தொடங்கி உங்கள் பத்து மணியைத் தாண்டிவிடும். திறந்தவெளி ஷோ பொதுவாகப் பத்தைத் தாண்டாது, அதற்கு மேல் வெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியே தடை. ஆனாலும் கடைசிவரை இருந்தால் கேட்டுக்கு நேரமாகிவிடும். அதோடு சவுண்ட் செக் இழுத்து, ஏழு என்று போட்டது எட்டுக்குத் தொடங்குவது இசையில் சர்வசாதாரணம். நான் எட்டு இருபதுவரை காத்திருந்ததுண்டு. காமெடி அனேகமாகச் சொன்ன நேரத்துக்கு நடக்கும். வார இறுதியில் நாலு மணி, ஐந்து மணி காட்சிகளும் வரும், ஒரே நாளில் இரண்டு காட்சி இருந்தால் முதலாவதை எடுங்கள்.

தகவல் தெரிந்துகொள்ள புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் என்ற டிக்கெட் ஆப் இரண்டும் பாதிதான் காட்டும். மீதி இன்ஸ்டாகிராமில். கலைஞரைத் தொடர்வதோடு நிற்காமல் இடத்தையும் தொடருங்கள், ஒரு அறையைப் பின்தொடர்ந்தால் மாதத்துக்குப் பத்து ஷோ கண்ணில் படும். டிக்கெட்டுகள் 499 ரூபாயில் வந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். கச்சேரி, நாடக நுழைவுச் சீட்டுக்கு 500 ரூபாய்வரை ஜிஎஸ்டி இல்லை, அதைத் தாண்டினால் 18 சதவீதம். தளத்தின் முன்பதிவுக் கட்டணம் தனி, பணம் கட்டும் முன் மொத்தத் தொகையைப் பாருங்கள். இலவச ஷோவுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போகாமல் இருப்பது மட்டும் வேண்டாம். நாற்பது நாற்காலியில் பன்னிரண்டு காலியாக இருந்தால் மேடையில் நிற்பவருக்குச் சிரிப்பின் சத்தத்திலேயே அது தெரிந்துவிடும்.

தனியாகப் போவது பற்றிக் கேட்டீர்கள். விளக்கு அணைந்ததும் யார் யாரோடு வந்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. சங்கடம் அதற்கு முந்தைய இருபது நிமிடம்தான். வாசலில் டிக்கெட் சரிபார்க்கும் பெண்ணிடம் ‘முதல் தடவை வர்றேன், எங்க உட்கார்ந்தா நல்லா இருக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவரே ஏதாவது ஒரு ஓப்பன் மைக்கில் ஏறுகிறவராக இருப்பார், நல்ல இடமாகக் காட்டுவார். ஹாஸ்டல் வார்டனிடம் டிக்கெட்டை முதல் நாளே காட்டி, முடியும் நேரத்தைச் சொல்லி வையுங்கள். அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுப்பார்களா என்று அப்போதே கேட்டுவிடலாம், பத்தேகாலுக்கு கேட்டுக்கு வெளியே நின்று போனில் கெஞ்சுவதைவிட அது சுலபம்.