'போவார்' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்

கேள்வி: என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகில் கடலுக்குப் போவார். ஆறாவது முடித்த மகள் அப்பாவைப் பற்றிய கட்டுரையில் 'ஹி இஸ் கோயிங் டு சீ' என்று எழுதினாள். டியூஷன் மிஸ் அதை அடித்து 'ஹி கோஸ் டு சீ' என்று திருத்தியிருக்கிறார். இரண்டுக்கும் 'போகிறார்' என்றுதானே அர்த்தம்? அதுவும் இது மீன்பிடித் தடைக்காலம், மனுஷன் வீட்டில்தான் இருக்கிறார். போகாதவருக்கு எப்படி நிகழ்காலம்?
- வாசகி, ராயபுரம்

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் வரியை இன்னொரு தடவை படியுங்கள் அம்மா. 'கடலுக்குப் போவார்' என்று எழுதியிருக்கிறீர்கள். மிஸ் எழுதிய 'கோஸ்' அந்தப் 'போவார்'தான்.

'நாளைக்குப் போவார்' என்றால் எதிர்காலம். ஆனால் 'வீட்டுக்காரர் என்ன பண்றார்?' என்று கேட்டவரிடம் 'கடலுக்குப் போவார்' என்றால் அது அவருடைய தொழில், பழக்கம். சிம்பிள் பிரசண்டின் முக்கியமான வேலை இதைச் சொல்வதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். உங்கள் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருப்பார். அந்த 61 நாளும் 'ஹி கோஸ் டு சீ' உண்மை. 'ஹி இஸ் கோயிங்' என்றால் இப்போதே கிளம்பிவிட்டார், அல்லது கிளம்ப ஏற்பாடாகிவிட்டது என்று ஆகும். தடைக்காலத்தில் அது பொய்.

கைடு புத்தகங்களோடு எனக்குப் பல வருஷத்துச் சண்டை. 'கோஸ்' என்றாலும் 'போகிறான்', 'இஸ் கோயிங்' என்றாலும் 'போகிறான்' என்று கட்டம் போட்டு அச்சடித்துப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டார்கள். 'போவான்', 'போவாள்', 'போகும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். சூரியன் கிழக்கே உதிக்கும். தண்ணீர் கொதித்தால் ஆவியாகும். இதெல்லாம் சிம்பிள் பிரசண்ட்தான். இன்னும் ஒன்று பாருங்கள்: 'ஐ நோ' என்றால் தெரியும், 'ஐ லைக்' என்றால் பிடிக்கும், 'ஐ வாண்ட்' என்றால் வேண்டும். 'ஐ ஆம் நோயிங்' என்று எழுதும் பிள்ளையிடம் 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது என்று சொல்வாயா?' என்று கேட்டால் போதும், தானே அடித்துவிடும்.

மூன்று காலத்துக்கும் பொருந்தும் இயல்பைச் 'செய்யும்' என்கிற வாய்பாட்டில் சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. 'மலை நிற்கும்', 'யாறு ஒழுகும்' என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டினார்கள். பின்னால் வந்த நன்னூல் அதையே நிகழ்காலத்தால் சொல்லச் சொன்னது. ராயபுரத்தில் இன்றைக்கும் தொல்காப்பியர் கட்சிதான்: மழை பேஞ்சா தெருவுல தண்ணி நிக்கும், கொருக்குப்பேட்டை ரயில் கேட்டு மூடினா நேரமாவும்.

'கோஸ்' கடைசியில் வரும் அந்த 'ஸ்' பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடமாட்டேன். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறார்கள் என்று ஆளுக்கு ஒரு விகுதி. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. தேய்ந்து தேய்ந்து ஹி, ஷி, இட் மூன்றுக்கும் ஒரு 'ஸ்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. 'டஸ்' வந்தால் அந்த 'ஸ்' அதோடு ஒட்டிக்கொள்ளும், 'ஹி டஸ் நாட் கோ' என்றுதான் வரும்.

அது வந்த வழியைத்தான் நான் மேடை கிடைத்த இடத்திலெல்லாம் சொல்கிறேன். 1611ஆம் வருஷத்து ஆங்கில பைபிளில் இந்த 'ஸ்' கிடையாது, 'கோயெத்' என்றுதான் இருக்கும். 'ஸ்' இங்கிலாந்தின் வடக்குப் பகுதி ஜனங்களுடைய வட்டாரப் பேச்சு. அது தெற்கே இறங்கி லண்டனைப் பிடித்து, 'எத்'தைத் துரத்திவிட்டுப் பாடப்புத்தகத்தில் உட்கார்ந்துவிட்டது. வடசென்னைப் பிள்ளை 'கீது' (இருக்கிறது), 'வரசொல்ல' (வரும்போது) என்று பேசினால் முகம் சுளிக்கும் வாத்தியார்கள், இங்கிலாந்தின் வடக்கு வட்டாரப் பேச்சான அந்த 'ஸ்'ஸை விட்டுவிட்டால் அதே பிள்ளைக்கு மார்க் குறைக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. உங்கள் மகள் வீட்டில் பேசுவது எந்த மொழிக்கும் குறைந்ததில்லை. அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

மிஸ் திருத்தியது சரி. ஆனால் மகள் எழுதிய வாக்கியத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். தடைக்காலம் முடிந்து, ஐஸும் டீசலும் ஏற்றி, அப்பா படகில் கால் வைக்கும்போது நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு 'ஹி இஸ் கோயிங் டு சீ' என்று எழுதட்டும், எந்த மிஸ்ஸும் அடிக்க முடியாது.