வீட்டில் ஆமை, ஏரிக்கரையில் சாக்குப்பை: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கொளத்தூரிலிருந்து எண்ணூர் வரை ஆமை பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் பெயரை நாங்களே தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: நாலு வருஷம் முன்னால் தெரிந்தவர் ஒருவர், ‘வீட்டில் இருந்தால் பணம் தங்கும்’ என்று சொல்லி ஒரு நட்சத்திர ஆமையைத் தந்தார். வைத்திருப்பது குற்றம் என்று இப்போதுதான் தெரிந்தது. இரவோடு இரவாகச் செங்குன்றம் பக்கம் எங்காவது விட்டுவிடலாமா? (கொளத்தூர்)

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். நட்சத்திர ஆமை தண்ணீர் ஆமை இல்லை. முட்புதரும் புல்லும் உள்ள வறண்ட நிலத்தில் வாழ்வது. ஏரியில் விட்டால் மூழ்கிச் சாகும். காட்டில் விட்டாலும் ஆபத்து தீராது. நாலு வருஷம் வீட்டில் இருந்த ஆமையிடம் சளி நோய்க் கிருமிகள் இருக்கலாம். மூக்கில் நுரை கட்டுவதும் வாயைத் திறந்து மூச்சு விடுவதும் அதன் அடையாளம். அது அங்குள்ள ஆமைகளுக்கும் தொற்றும். அது எந்தப் பகுதியில் பிடித்த ஆமை என்பதும் உங்களுக்குத் தெரியாது. வடமேற்கு இந்திய ஆமைகளும் தென்னிந்திய ஆமைகளும் மரபணுவில் வேறுபட்டவை. அவற்றைக் கண்ட இடத்தில் கலந்துவிடக் கூடாது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமை, மிக உயர்ந்த பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலான முதல் அட்டவணையில் இருக்கிறது. முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். அப்படிப்பட்ட விலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. அதனால் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போங்கள். யார் தந்தது, எப்போது, என்ன உணவு கொடுத்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துப் போங்கள். ஒப்படைத்தால் வழக்கே வராது என்று எங்களால் வாக்குத் தர முடியாது. ஆனால் சோதனையில் மாட்டுவதும் தானே கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒன்றல்ல. கிண்டி தேசியப் பூங்கா வளாகத்தில் வனத்துறை அலுவலகம் இருக்கிறது. போகும் முன் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அதுவரை சோறு, ரொட்டி, பால் எதுவும் வேண்டாம். அருகம்புல், முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, சப்பாத்திக்கள்ளி மடல் (முள்ளைச் சீவிவிட்டு) கொடுங்கள். காலை வெயிலில் அரை மணி நேரம் விடுங்கள், பக்கத்தில் நிழலும் இருக்கட்டும். அடி ஓட்டைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அட்டைபோல் வளைந்தால் சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் இல்லாமல் எலும்பு மெலிந்துவிட்டது என்று பொருள். மேல் ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கோபுரம் போல் புடைத்திருந்தால் அது தவறான வளர்ப்பின் தழும்பு. இரண்டையும் ஒப்படைக்கும்போது சொல்லுங்கள். எடுத்துப் போக, காற்றோட்டத் துளை போட்ட அட்டைப்பெட்டியும் மடித்த செய்தித்தாளும் போதும். தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள்.

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. இப்போது இதே ஊரில் அதிர்ஷ்டம் என்று சொல்லி விற்கிறார்கள். இரண்டு நம்பிக்கைக்கும் விலை கொடுப்பது ஆமைதான்.

கேள்வி: சந்தையில் குட்டி ஆமைகளை வாளியில் போட்டு விற்கிறார்கள். பார்க்கவே பாவமாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கி வனத்துறையிடம் கொடுத்தால் புண்ணியம்தானே? (வியாசர்பாடி)

பதில்: உங்கள் மனசு புரிகிறது. ஆனாலும் வாங்காதீர்கள். நீங்கள் கொடுத்த பணம் விற்றவருக்கு ‘இது போகும் சரக்கு’ என்ற செய்தி. அடுத்த வாரம் அதே வாளியில் இரண்டு மடங்கு கிடக்கும். நம் நாட்டு ஆமையாக இருந்தால் வாங்கியவரும் குற்றவாளி. இடம், கிழமை, நேரம், வாளியில் எத்தனை, என்ன விலை சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டு அன்றே தகவல் கொடுங்கள். துப்புக் கொடுப்பவருக்கு வெகுமதி வழங்கவும் சட்டத்தில் இடமுண்டு. மத்திய வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவின் தென் மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.

கேள்வி: பையனின் பிறந்தநாளுக்குக் கண்ணருகே சிவப்புக் கோடு போட்ட ஆமை ஒன்று பரிசாக வந்தது. தொட்டி போதவில்லை. ரெட்டேரியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். (பெரம்பூர்)

பதில்: பிழைத்துக்கொள்ளும். சிக்கலே அதுதான். இது அமெரிக்காவைச் சேர்ந்த செங்காது ஆமை. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இருப்பது. ஐம்பது பைசா அளவில் வாங்கிய குட்டி கால் மீட்டர் நீளத்துக்கு வளரும், 20 ஆண்டுக்கு மேலும் வாழும். ஏரியில் நம் ஆமை வெயில் காயும் கல்லையும் மரக்கட்டையையும் இது பிடித்துக்கொள்ளும், இரையையும் பங்கு போடும். கோயில் குளத்தில் விடுவதும் இதே தவறுதான்.

விட முடியாது என்றால் வளர்த்துத்தான் ஆகவேண்டும். சிமென்ட் தொட்டி, வடிகட்டி, தண்ணீருக்கு மேலே ஏறி உட்கார ஒரு மேடை, நேரடி வெயில். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் பயனில்லை. தொட்ட பிறகு பிள்ளைகள் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும். ஆமைத் தோலிலும் தண்ணீரிலும் வயிற்றுப்போக்கு வரவைக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கும். அமெரிக்காவிலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975 முதல் தடை இருப்பது இதனால்தான்.

‘வெளிநாட்டு ஆமை, பிரச்சினை இல்லை’ என்று சொல்லி நம் ஊர்க் குட்டிகளையும் கைமாற்றுவதுண்டு. அதனால் அடையாளம் தெரிந்திருப்பது நல்லது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தால் செங்காது ஆமை. ஓடு தோல்போல் வழவழப்பாக, பின்னங்காலை உள்ளே இழுத்ததும் அடிப்பக்க மடல் கதவுபோல் மூடிக்கொண்டால் பால் ஆமை. கருத்த ஓட்டின் மேல் நீளவாக்கில் மூன்று முகடுகள் ஓடினால் காராமை. பின் சொன்ன இரண்டும் நம் ஏரிகளுக்குச் சொந்தமானவை. அவற்றை விற்கவோ வளர்க்கவோ யாருக்கும் உரிமையில்லை. கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர்கள் பலருக்கு இந்த வித்தியாசம் நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதை விட்டு, கடை வாசலில் ஓர் அடையாளப் படம் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: கோடையில் ஏரி வற்றும்போது வெளியாட்கள் வந்து சேற்றைக் கம்பியால் குத்திப் பால் ஆமைகளைச் சாக்கில் அள்ளுகிறார்கள். தட்டிக் கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். (புழல்)

பதில்: தட்டிக் கேட்க வேண்டாம். தண்ணீர் வற்றினால் பால் ஆமை சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். கம்பி ஓட்டில் பட்டதும் ‘டொக்’கென்று சத்தம் கேட்கும், தோண்டி எடுத்துவிடுவார்கள். ஒரே வெயில் காலத்தில் ஓர் ஏரியைக் காலி செய்ய இதுவே போதும். ஆமை மெதுவாகப் பருவமடையும் உயிர். போன தாய் ஆமைக்கு ஈடு வரப் பல ஆண்டுகளாகும்.

கரையில் நின்று வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, எந்தப் பக்கம் போனார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு உடனே 112-க்குப் பேசுங்கள், வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். ‘ஆமை பிடிக்கிறார்கள்’ என்று மட்டும் சொன்னால் மீன்பிடித் தகராறு என்று நினைத்துவிடுவார்கள். ‘முதல் அட்டவணை விலங்கு, சாக்கில் உயிரோடு இருக்கிறது, வண்டி கிளம்பப் போகிறது’ என்று சொல்லுங்கள். படம் எடுத்தால் அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அடுத்த கூட்டத்துக்கு நீங்களே வழி காட்டியதாகிவிடும்.

பல இடங்களில் காரியம் கெடுவது இதற்குப் பிறகுதான். மகஜர் (பிடித்ததைச் சாட்சிகள் முன் பதியும் ஆவணம்) எழுதும்போது சாட்சிக் கையெழுத்துப் போட ஊரில் ஆள் கிடைப்பதில்லை. சாட்சி இல்லாவிட்டால் வழக்கு நீதிமன்றத்தில் வலுவிழக்கும். மார்ச் மாதத்திலேயே மூன்று, நாலு பேரை ‘நாங்கள் வருகிறோம்’ என்று சொல்ல வைத்துவிடுங்கள். ஏரியில் வலை போடும் மீனவர்களை முதலில் சேருங்கள். அந்நியர் வந்தால் முதலில் கண்ணில் படுவது அவர்களுக்குத்தான். அவர்கள் வலையில் தவறிச் சிக்கிய ஆமையை அங்கேயே அவிழ்த்து விடும் வழக்கத்தையும் அவர்களிடமே பேசி உறுதி செய்துகொள்ளலாம்.

கேள்வி: எங்கள் குப்பத்தில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி எனும் கடல் ஆமை) முட்டையிடக் கரை ஏறுகிறது. சிலர் முட்டையைத் தோண்டி எடுப்பதாகப் பேச்சு. பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு குழு தொடங்க ஆசை. (எண்ணூர்)

பதில்: தொடங்குங்கள். வடசென்னைக் கரைக்கு இது அவசரமும்கூட. துறைமுகம் மணல் நகர்வை மறித்ததால் ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரித்துப்போய்க் கல்சுவர் வந்துவிட்டது. ஆமை ஏற மிச்சமிருப்பது துண்டு துண்டான மணல்தான். அதில் ஒரு கூடு போனாலும் பெரிய இழப்பு.

குழு செய்ய வேண்டியது நடப்பது, காண்பது, காவல் நிற்பது, தகவல் சொல்வது. முட்டையைத் தொடுவது வேலையில் இல்லை. ஊர்வனவற்றின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் சட்டப்படி வேட்டைதான், நல்ல எண்ணத்தில் செய்தாலும். முட்டையை இடம் மாற்றுவது வனத்துறையும் அது அனுமதித்த பயிற்சியுள்ளவர்களும் செய்வது. அதற்குக் காரணம் உண்டு. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்பியால் குத்தித் தேடினாலும் இதே கதி. ஒரு முட்டை உடைந்தால் எறும்பும் பூஞ்சையும் வந்து கூட்டில் உள்ள நூற்றுச் சொச்சம் முட்டையையும் கெடுக்கும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நள்ளிரவு தாண்டி விடியும்வரை நடக்க வேண்டும். குழுவுக்கு நாலு பேர், சிவப்புத் தாள் கட்டிய ஒரு டார்ச். அலை ஓரமாகவே போங்கள், ஈர மணலில்தான் தடம் தெளிவாகத் தெரியும். இரண்டரை அடி அகலத்தில், இடமும் வலமும் மாறி மாறி விழுந்த துடுப்புத் தடம் இருந்தால் பங்குனி ஆமை. மேலே போன தடம், திரும்பி வந்த தடம் இரண்டும் இருந்து, நடுவில் மணல் வாரி இறைத்திருந்தால் பெரும்பாலும் கூடு உண்டு. ஆமை இன்னும் மேலே இருந்தால் பின்னால் தள்ளி உட்காருங்கள். கண்ணில் நீர் வழியும், அழுகிறது என்று பிள்ளைகள் கலங்குவார்கள். உடம்பின் உப்பைச் சுரப்பி வெளியேற்றுகிறது என்று சொல்லிக்கொடுங்கள். ஆமை கடலுக்குப் போனதும் ஒருவர் கூட்டருகே நிற்க, மற்றவர் தகவல் சொல்ல வேண்டும். வனத்துறையினர் பார்த்துக் குறித்துக்கொண்டதும் தடத்தைத் துடைப்பத்தால் கலைத்துவிடுங்கள். தோண்ட வருபவர் அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் கூட்டுக்கு வருகிறார்.

பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். கடலைவிடத் தெருவிளக்கு பளிச்சென்று இருந்தால் சாலைக்கு வந்துவிடும். அந்த வாரங்களில் கடற்கரை விளக்கை மறைக்கவோ அணைக்கவோ மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். குஞ்சுகளை வாளித் தண்ணீரில் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். கடலில் நீந்திப்போக வைத்திருக்கும் முதல் பலத்தை அவை வாளியிலேயே செலவழித்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளை இரவு நடைக்கு அனுப்ப வேண்டாம். விடியற்காலைத் தடம் பார்ப்பதும் நோட்டில் எழுதுவதும் அவர்கள் வேலை. தேதி, நேரம், எந்தப் படகுத்துறைக்கு எந்தப் பக்கம், ஏறியதா, இட்டதா, செத்துக் கிடந்ததா, ஓட்டில் வெட்டுக்காயம் உண்டா. நோட்டின் முதல் பக்கத்தில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, காவல் அவசர எண் 112, உங்கள் வனச்சரக அலுவலக எண் மூன்றும் இருக்கட்டும். மூன்றாவது எண்ணை இணையத்தில் தேடாமல் டிசம்பருக்குள் நேரில் போய் எழுதி வாங்குங்கள். இரவு இரண்டு மணிக்கு எடுக்கும் எண் எது என்றும் அங்கேயே கேட்டு, அதன் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.