வீட்டுக்கு முன்னால் வாசனைப் பூச்செடி வைத்தால் பாம்பு வருமா? என்னென்ன செடிகள் வைக்கலாம்?

கேட்டவர் புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார். வாசலுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே கொஞ்சம் மண்தரை இருக்கிறது, மணக்கிற செடிகளாக வைக்க ஆசை, ஆனால் பாம்பு வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள் என்கிறார். பெரியவர்கள் என்றால் மாமியார்தான் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

பூ வாசனைக்குப் பாம்பு வராது. வைக்கலாம், தாராளமாக வைக்கலாம்.

பாம்புக்கு மோப்பமே கிடையாது என்று நான் சொல்லவில்லை, அதற்காகக் கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். நன்றாகவே உண்டு. அது நாக்கை நீட்டி நீட்டி இழுப்பதே அதற்குத்தான். காற்றிலும் தரையிலும் இருப்பதை நாக்கில் ஒற்றி, மேல்வாயில் இருக்கிற ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகிறது. ஆனால் அது தேடுவது எலி, தவளை, பல்லி, முட்டை, அப்புறம் தன் ஜோடி. மல்லிகைப் பூவை வைத்துக்கொண்டு அது என்ன செய்யப் போகிறது? தாழம்புதரில் பாம்பு இருக்கும் என்று பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. தாழை வளர்வது வாய்க்கால் ஓரத்தில், முள்ளும் மட்டையுமாக, ஆள் கை நுழையாத அடர்த்தியில். ஈரமும் தவளையும் மறைவும் அங்கேயே கிடைக்கும்போது பாம்பு வேறெங்கே போகும்? மனோரஞ்சிதத்தையும் வெட்டாமல் விட்டால் அப்படித்தான் புதர் மண்டும். பூ பூக்காத புதராக இருந்தாலும் அது வரும்.

இதில் எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்றால், எங்கள் வீட்டு இரவு ராணிக்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

நாங்கள் இருப்பது மதுரைக்கு வெளியே, வயலைப் பிளாட் போட்டு உருவான ஒரு காலனி. காம்பவுண்டின் தெற்கு மூலையில் நான் வைத்த இரவு ராணி ஆள் உயரத்துக்கு மேல் போய், ஒரு ஆவணியில் கிளை தெரியாமல் பூத்தது. பச்சையும் வெள்ளையுமாகக் குச்சி குச்சியான பூ, பகலில் பார்த்தால் பூ என்றே தோன்றாது. எட்டு மணிக்கு மேல் தெரு முனை வரை மணம். அதே வாரம் எதிர் வீட்டுச் சாக்கடை ஓரத்தில் பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. அவ்வளவுதான். எதிர் வீட்டு அண்ணன் சட்டையைக் குச்சியில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கேட் முன்னால் நின்று, "உங்க செடிதாம்மா கூப்பிட்டிருக்கு" என்றார். மறுநாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பொதுப் பாதுகாப்பாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் செடியை எடுத்துவிட வேண்டுமாம்.

நான் எடுக்கவில்லை. எங்கள் அத்தைகூட, "போனால் போகுது, வெட்டிடும்மா, ஊர் வாய் எதுக்கு" என்றார்கள். பூச்சி கதையையும் ஒருவர் சொன்னார்: ராத்திரிப் பூவுக்கு அந்துப்பூச்சி வரும், பூச்சிக்குத் தவளையும் பல்லியும் வரும், அதற்குப் பின்னால் பாம்பு வரும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் பூச்சி மொய்ப்பது தெருவிளக்கின் அடியில். அதைப் பிடுங்கச் சொல்லி இதுவரை யாரும் மனு கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே பாம்பு தன்னைக் காட்டிக்கொண்டது. எதிர் வீட்டுப் பின்பக்கம், மாடிக்குத் தட்டோடு பதித்தபோது மிஞ்சியதை அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே கோழித் தீவன மூட்டை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, வந்த தம்பி ஒருவர் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கடைசி வரிசைக்கு அடியிலிருந்து நல்ல நீளமான சாரையை இழுத்தார். விஷமில்லாதது. சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டே, "எலி வளை எத்தனை இருக்கு பாருங்க சார். இத்தனை எலி இருந்தா நானே வந்து குடியிருப்பேன்" என்றார். தெருவே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் பிறகு செடியைப் பற்றி வாயே திறக்கவில்லை. தவறாகச் சொல்லிவிட்டோம் என்றும் ஒருவரும் வந்து சொல்லவில்லை.

(சாரையை அடிக்காதீர்கள். எலி தின்று நமக்கு வேலை செய்கிற ஜீவன் அது. கட்டுவிரியன் விஷயம் வேறு, அது ராத்திரியில் நடமாடுவது, விஷமும் கடுமை. அதனால் இருட்டில் செடிப் பக்கம் போனால் டார்ச்சும் செருப்பும் கட்டாயம், எந்தச் செடியாக இருந்தாலும் சரி.)

இனி செடிகள். வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆறு மணி நேர வெயில் இருந்தால் முதல் செடி குண்டுமல்லிதான். எங்கள் ஊர்ப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதன் நாற்று மட்டும் ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது, அது பலருக்குத் தெரியாது. ஒன்றரை அடிக் குழி, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, நான்கு அடி இடைவெளி விட்டு நடுங்கள். நிழலில் வைத்தால் இலையாகத் தள்ளும், மொட்டு வராது. கார்த்திகை கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் மனசு வராமல் விட்டுவிடுகிறார்கள். மல்லி பூப்பது புதுத் தளிரில், பழைய கொம்பை வைத்துக்கொண்டு பூவை எதிர்பார்க்க முடியாது. வெட்டி உரம் வைத்தால் பங்குனியிலிருந்து பூ பிடிக்கும். மொட்டை விடியலில் பறித்துவிடுங்கள், சாயங்காலம் தானாக விரியும். போர் தண்ணீரில் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்கலாம்.

கொடி ஏற்ற இடம் இருந்தால் பிச்சி. வெயில் அரைகுறையாக இருந்தால் காமினி: பளபளவென்று சின்ன இலை, மழை பெய்தால் மொத்தமாகப் பூக்கும். ஆனால் எலுமிச்சை வைத்திருப்பவர்கள் காமினியைத் தவிர்ப்பது நல்லது. எலுமிச்சை இனத்துக்கு கிரீனிங் என்ற இலை மஞ்சளாகும் நோயைக் கொண்டுபோகும் பூச்சி இதில் வந்து தங்கும்.

பவளமல்லி ஒன்று கண்டிப்பாக வையுங்கள். இடம் அதிகம் கேட்காது, வெட்டிவிட்டால் செடியாகவே நிற்கும். இருட்டிய பிறகு மலர்ந்து விடிவதற்குள் கொட்டிவிடும். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு எடுக்கலாம் என்றால் அது இதற்கு மட்டும்தான். அதனால் அடியில் சிமெண்ட் போடாமல் மண்ணாகவே விடுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று, மருதாணி. கைக்கு அரைக்க ஒடித்துக்கொண்டே இருப்பதால் பல வீடுகளில் அதன் பூவையே பார்த்திருக்க மாட்டார்கள். பூ வருவது கிளை நுனியில். ஒரு பக்கத்தை மட்டும் ஒடிக்காமல் விட்டுப் பாருங்கள், கொத்துக் கொத்தாகப் பூத்து அந்தப் பக்கமே மணக்கும். தண்ணீர் கஷ்டத்தையும் தாங்கும்.

நர்சரியில் கந்தராஜ் என்று தரும் கார்டீனியாவை ஏற்காடு, கொடைக்கானல்காரர்கள் வாங்கட்டும். புளிப்புத் தன்மையுள்ள மண் அதற்கு வேண்டும். நம் உப்புத் தண்ணீரில் பாதி நாள் மஞ்சளாகவே நிற்கும்.

நர்சரி என்றதும் ஞாபகம் வருகிறது. நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் பன்னீர் ரோஜா என்று சத்தியம் செய்து ஒரு செடியைக் கொடுத்தார்கள். பூத்ததும் பார்த்தால் முட்டைக்கோஸ் அளவில் பூ, மூக்கை உள்ளே விட்டாலும் வாசம் இல்லை. திருப்பிக் கேட்டால், "மண்ணு சரியில்லம்மா, அதான் வாசம் போயிருச்சு" என்கிறார்கள்! மண்ணா பூவின் ஜாதியை மாற்றும்? பூ இருக்கும்போது மோந்து பார்த்து வாங்குங்கள். ராத்திரிப் பூக்கிற செடிகளை வாங்க, கடை மூடுகிற நேரத்துக்குப் போங்கள்.

இரவு ராணியைப் பற்றி ஒன்று. எனக்குப் பிடித்த செடி என்பதற்காக மறைக்க மாட்டேன், அந்த மணம் சிலருக்குத் தலைவலி கொடுக்கும். படுக்கையறை ஜன்னலை விட்டுப் பதினைந்து இருபது அடி தள்ளி வைக்க வேண்டும். செடி முழுக்க விஷத்தன்மை உள்ளது, வெள்ளையாகக் காய்க்கும் காயைக் குழந்தைகள் வாயில் வைத்துவிடக் கூடாது. நர்சரிக்கே போக வேண்டாம், போத்து ஒடித்து நட்டால் வரும். நான் ஒவ்வொரு தரம் பூத்து ஓய்ந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிடுகிறேன்.

எல்லாச் செடிக்கும் அடியில் ஒரு அடி உயரத்துக்குக் கிளையைக் கழித்து, தரை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருங்கள். செங்கல், ஓடு, தேங்காய் மட்டை எதையும் பக்கத்தில் குவிக்காதீர்கள். சுவர் ஓரத்து எலி வளையை அடையுங்கள். மாமியாரிடம் காட்டவும் இது உதவும்.

எங்கள் காலனியில் பக்கத்துக் காலி மனை முழுக்கச் சீமைக்கருவேலம். உள்ளே ஓட்டல் கழிவைக் கொட்டுகிறார்கள், பெருச்சாளி பட்டப்பகலில் ஓடுகிறது. சுத்தம் செய்யச் சொல்லி நான் கொடுத்த மனுவைச் சங்கத்தில் பொதுக்குழுவுக்கு வைப்போம் என்றார்கள். பொதுக்குழு இன்னும் கூடவில்லை. மாதச் சந்தா மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.